முதல் நாற்பது நிமிடங்கள்

காலை ஆறு மணியிலிருந்து ஆறு நாற்பது வரை தணிகாசலத்துக்குத் தன் மனைவியைப் பிடிக்காது. அதற்கு மேல் காபி கேட்பார்.

மூன்று வருடமாக இப்படித்தான். இடுப்புப் பட்டையில் ரத்தம் வடிகட்டும் சல்லடையை மாட்டி, சுண்டுவிரல் நீள உருளையை அதற்குள் பொருத்தி, தோளுக்குக் கீழே சதையில் பதித்திருந்த குழாயோடு இணைத்துவிட்டுக் கோமளவல்லி நிமிர்வாள். ஐந்து நிமிடம் சும்மா இருப்பார். பிறகு ஆரம்பிக்கும்.

“காலங்காத்தால உன் மூஞ்சியில முழிக்கணும்னு என் தலையெழுத்து.”

அவள் சமையலறைப் பக்கம் திரும்புவாள்.

“காது கேக்குதா இல்லையா? எங்கக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடு. பண்ருட்டி என்ன அமெரிக்காவுலயா இருக்கு? உன்கூட இருந்து இருந்து அலுத்துப்போச்சு எனக்கு. பிடிக்கல, அவ்வளவுதான்.”

குரல் உயராது. அதுதான் தாங்க முடியாதது. கத்தினால் வியாதி என்று நினைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் கடலூர் - சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்தவர், அடுத்த நிறுத்தம் எது என்று சொல்வது போல நிதானமாகச் சொல்வார். கோமளவல்லி அரிசி களைவாள், வெங்காயம் அரிவாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஆறு நாற்பத்தைந்துக்கு அதே வாயிலிருந்து வேறு ஒரு மனிதர் பேசுவார்.

“கோமு, காபி போட்டியா? என்னடி கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? தூங்கினியா இல்லையா?”

கோடை நாற்பத்தெட்டு டிகிரியைத் தொட ஆரம்பித்த வருடங்களில் வந்த நோய் அது. வெயில் பித்தம் என்றார்கள். வெந்து வெந்து களைத்த ஈரல், ஒரு வகைக் கொழுப்பைச் சிதைக்க முடியாமல் ரத்தத்திலேயே விட்டுவிடும். அது மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் மனிதன் மெல்ல மெல்ல மங்கிப்போவான். மாத்திரை கிடையாது. உடம்புக்கு வெளியே ஒரு சல்லடை வைத்து ரத்தத்தை வடிகட்டுவது ஒன்றுதான் வழி. அந்தச் சல்லடைக்கான உருளைகளைச் செய்யும் தொழிற்சாலை கடலூருக்குத் தெற்கே, கடலோரமாக இருந்தது. அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில்தான் கோமளவல்லிக்கு வேலை. புருஷன் இடுப்பில் ஏறும் உருளைக்கும் அவள் கையெழுத்து உண்டு.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம். முந்தின நாள் பயன்படுத்தி, வீட்டில் செய்வது போலவே வெந்நீரில் கழுவி ஃபிரிட்ஜில் வைத்த உருளையைக் கருவியில் மாட்டி, விஷக் கொழுப்பு கலந்த திரவத்தில் ஒரு சொட்டைச் செலுத்துவார்கள். ஒரு ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம். உருளை விஷத்தைப் பிடித்து வைக்கிறதா, விட்டுவிடுகிறதா என்று கருவி கணினியில் கோடு வரையும். முதல் ஓட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கருவி அப்போதுதான் சமநிலைக்கு வரும், முதல் கோடு எப்போதும் கோணலாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள் என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எல்லோருக்கும் கிடைக்கும் முதல் பாடம். அந்த நாற்பது நிமிடமும் பரிசோதனைக்கூடத்தில் டீ நேரம்.

வீட்டிலும் அவள் அதையேதான் செய்தாள். நாளின் முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போட்டாள். ஆறே முக்காலுக்குப் பிறகு வருகிறவர்தான் தன் புருஷன் என்று வைத்துக்கொண்டாள். மகள் இசைவாணியால் அப்படி முடியவில்லை. “நீ எப்படிம்மா காதுல வாங்காம இருக்க? அப்பா மனசுல இல்லாமயா வாயில வருது?” என்று கேட்டுவிட்டு, பதினோராம் வகுப்புக்குத் திருச்சியில் விடுதி பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்தப் பேச்சு அவருடையதா, இல்லையா? மூன்று வருடமாகக் கோமளவல்லி தினமும் அந்தக் கேள்வியோடுதான் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலில் தலை சாய்த்ததும் தூங்கிப்போவாள். இறங்கும் இடம் வந்தால் பக்கத்து சீட்டுக்காரி தட்டி எழுப்புவாள்.

ஆடி மாதம் அரசாங்கம் ஒரு புது விதி கொண்டுவந்தது. இனி எந்த ஓட்டத்தையும் அழிக்கக் கூடாது, கருவி வரைகிற ஒவ்வொரு கோடும் அச்சாகிக் கோப்பில் இருக்க வேண்டும். அந்த வாரம் கோமளவல்லியின் மேசையில் முதல் முறையாக முதல் ஓட்டங்கள் வந்து விழுந்தன.

கொஞ்சம் கோணலாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஆனால் அது கோணல் இல்லை. உருளைக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டிய விஷம், இரண்டாவது நிமிடத்திலேயே பனைமரம் போல நெட்டுக்குத்தாக வெளியே வந்து நின்றது. அதற்கும் முன்னால் ஒரு திட்டு. அது அன்றைக்குச் செலுத்திய சொட்டே இல்லை. முந்தைய நாள் சோதனையில் பிடித்த விஷம், கழுவியும் போகாமல் உள்ளே ஒளிந்திருந்து மொத்தமாகக் கொட்டியிருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் எல்லாம் சரி. மூன்றாவதிலும் சரி. அடுத்த உருளையை எடுத்தாள். அதே பனைமரம். பதினேழு உருளைகளிலும் அதேதான்.

பதினேழு தாள்களையும் எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர் அருளப்பனின் அறைக்குப் போனாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது.

“என்ன கோமளா, கட்டுக் கட்டா தூக்கிட்டு வர? ஜாதகமா?”

“முதல் ஓட்டம் சார். பாருங்க.”

பார்த்தார். சிரித்தார். “இதுக்கா இந்த மூஞ்சி? தூங்கி எழுந்தவனப் போட்டோ எடுத்துட்டு அழகா இல்லன்னு சொன்னா எப்படிம்மா? கருவி செட்டாகறதுக்கு முன்னாடி அப்படித்தான் வரும். முப்பது வருஷமாத் தூக்கித்தான் போடறோம்.”

“கருவி கோளாறு இல்ல சார். வேற வகை உருளை போட்டா அதே கருவியில முதல் ஓட்டம் நல்லாத்தான் வருது. நம்ம உருளை மட்டும்தான். வெந்நீர்ல கழுவி, ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்ததுக்கு அப்புறம் முதல் நாப்பது நிமிஷம் அது எதையுமே பிடிக்கல.”

“அதான் ரெண்டாவதுல பிடிக்குதே.”

“நாம ரெண்டாவதுலேர்ந்து எடுத்துக்கலாம் சார். வீட்டுல முதல் ஓட்டத்தை எங்க தூக்கிப் போடறது? அது மனுஷன் ரத்தத்துலதானே போவுது?”

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றினார். தாள்களை அவள் பக்கம் தள்ளினார். குரல் மாறியிருந்தது.

“போய் வேலையப் பாரும்மா.”

கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். தாள்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது தணிகாசலம் ஏசி அறையில் கட்டிலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ரத்தம் சல்லடைக்குள் குளிர்ந்து ஓட வேண்டும் என்பதால் அவர் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

“இந்த உருளைக்குள்ள என்ன இருக்கு, தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள் கோமளவல்லி.

“மணலுன்னு சொன்ன.”

“மணல்தான். மாவை விட நைசா அரைச்ச மணல் மாதிரி. ஒவ்வொரு பொடியிலயும் மெழுகு மாதிரி நீள நீளமா முடி ஒட்டியிருக்கும். ஒட்ட வெச்சது, பிச்சாலும் வராது. குளிர்ச்சியா இருக்கறப்போ அந்த முடியெல்லாம் வரிசையா விறைச்சு நிக்கும். சூடானா உருகின மாதிரி துவண்டு விழுந்துடும். இருபத்தெட்டு டிகிரிதான் எல்லை. அதுக்குக் கீழ நிக்கும், மேல படுத்துடும்.”

“சரி, நிக்கட்டும். அதுக்கென்ன?”

“விஷம் இருக்கே, அது தட்டையா, நேரா, ஸ்கேல் மாதிரி இருக்கும். நிக்கிற முடிக்கு நடுவுல போய்ச் செருகிக்கும். நல்ல கொழுப்பெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கறதால நுழைய முடியாம வெளியே போயிடும்.”

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். “கூட்டத்துல ஸ்டாண்டிங் மாதிரியா? எல்லாரும் கம்பியப் பிடிச்சு நேரா நின்னா, நடுவுல ஒல்லியா இருக்கறவன் பூந்து மாட்டிப்பான். தொப்பைக்காரன் படியிலயே நின்னு இறங்கிடுவான்.”

“அதேதான்.” நாள் முழுக்கச் சிரிக்காதவள் லேசாகச் சிரித்தாள். “ராத்திரி வெந்நீர்ல கழுவறோமே, அப்போ ஸ்டாண்டிங் எல்லாம் கீழ உக்காந்துடறாங்க. மாட்டினவன் இறங்கிப் போயிடறான். அப்புறம் திரும்ப எல்லாரும் எழுந்து வரிசையா நிக்கணும். அதுக்கு நேரம் வேணும். நாம என்ன பண்றோம்? வெந்நீர்லேர்ந்து எடுத்து நேரா ஃபிரிட்ஜ்ல போடறோம்.”

“சடன் பிரேக்கு” என்றார் தணிகாசலம். “ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து, விழுந்தவாக்குல கெடப்பான்.”

“குவியலுக்கு அடியில நேத்து ஏறின விஷமும் கொஞ்சம் மாட்டிக்கும். காலையில ரத்தம் ஓட ஓடத்தான் ஒவ்வொருத்தனா எழுந்து நிக்கிறான். அதுக்கு நாப்பது நிமிஷம் ஆவுது. அதுவரைக்கும் அடியில இருந்ததெல்லாம்...”

  அவர் வெங்காயத் தோலைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பிரேக்க மெதுவாப் போட்டா?”

மெதுவாகத்தான் போட்டுப் பார்த்தார்கள். தீபாவளிக்கு வாங்கிய இட்லி ஹாட்பாக்கில் வெந்நீர் ஊற்றி, கழுவிய உருளையை அதற்குள் இறக்கி மூடினாள். ஹாட்பாக்கை ஏசி அறையிலேயே கட்டிலடியில் தள்ளிவைத்தாள். தண்ணீர் தானாக ஆறட்டும், அவசரமே இல்லாமல்.

மறுநாள் ஆறு மணிக்கு உருளையைப் பொருத்திவிட்டு அவள் சமையலறைக்குப் போகவில்லை. சுவரோரம் சாய்ந்து நின்றாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு நிமிடம். தணிகாசலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பிறகு அவளை.

“மணி என்ன கோமு?”

“ஆறு பத்து.”

“இன்னும் ஆரம்பிக்கலையே.”

“என்ன ஆரம்பிக்கல?”

“எனக்கு ஞாபகம் இருக்காதுன்னா நெனச்ச?” என்றார் அவர். “நான் பேசறது என் காதுல விழாதா? தினமும் விழும். ஒவ்வொரு வார்த்தையும். காபி குடிக்கறப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி கண்ணு ஏன் செவந்திருக்குன்னு கேப்பேன். வேற என்ன கேக்கறது?”

“வியாதின்னு...”

“வியாதின்னு நீ நெனச்ச. நான் நெனைக்கல. தூங்கி எழுந்ததும் ஒரு மனுஷன் மனசுல என்ன வருதோ அதானே நெசம்? நாள் பூரா நல்லவன் மாதிரி நடிக்கறேன், காலையில மட்டும் உண்மை வெளிய வருதுன்னு நெனச்சேன். உன்னப் பிடிக்காத ஒருத்தனுக்கு நீ மூணு வருஷமா குழாய் மாட்டிக்கிட்டிருக்க. அது நியாயமா? அக்காகிட்ட பேசிட்டேன் கோமு. ஆவணி பொறந்ததும் வந்துடறேன்னு சொல்லிட்டேன். பின்னாடி ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கா.”

கோமளவல்லி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். “இப்போ?” என்று கேட்டாள். “இப்போ என்ன வருது மனசுல?”

அவர் யோசித்தார். கண்டக்டராக இருந்த காலத்தில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி டீ குடிக்கும்போது இருக்கும் முகம் அது.

“பசிக்குது” என்றார். “அப்புறம்... நீ அங்க தரையில உக்காந்திருக்கறது நல்லா இல்ல. இங்க வா.”

அவள் எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் தலை வைத்தாள். அழ வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது ஏழரை. தணிகாசலம் சல்லடையோடு சமையலறைக்குப் போய்க் காபி போட்டுவைத்திருந்தார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. தொழிற்சாலைப் பேருந்து போயிருந்தது. அவர் கையில் போன்.

“இசைக்குப் போன் போட்டேன். காலையில அப்பா போன் பண்றாருன்னதும் பயந்துட்டா. நீயே பேசு, எனக்குச் சொல்ல வரல.”

அடுத்த ஒரு வாரம் கோமளவல்லி பரிசோதனைக்கூடத்தில் டீ குடிக்கவில்லை. ஐம்பது உருளைகளை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்தாள், ஐம்பதை மெதுவாக ஆறவிட்டாள். முதல் ஐம்பதிலும் பனைமரம். அடுத்த ஐம்பதில் ஒன்றில்கூட இல்லை. அறிக்கை எழுதினாள். அதோடு அந்த உருளையைப் பயன்படுத்தும் முப்பத்தெட்டாயிரம் வீடுகளுக்கு அனுப்ப ஒரு கடிதமும் எழுதி, இரண்டையும் அருளப்பன் மேசையில் வைத்தாள். இதனால் தன் வேலை போகும் என்று தெரியும். பதினான்கு வருடமாக ஒவ்வொரு தாளிலும் தூக்கிப் போட்டது அவள் கைதான்.

அருளப்பன் அறிக்கையை முழுதாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடிதத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“‘உருளையைக் கழுவியபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெந்நீரிலேயே மெதுவாக ஆறவிடவும்.’ இது போதும்மா. நல்லா எழுதியிருக்க.” அடுத்த வாக்கியத்தின் மேல் கோடு கிழித்தார். “இது வேண்டாம்.”

அவர் கோடு கிழித்த வாக்கியம் இதுதான்: ‘இதை அணிந்தவர் காலையில் முதல் நாற்பது நிமிடங்களில் பேசியது அவருடைய பேச்சு அல்ல, அது உருளையின் பிழை.’

“அதுதான் சார் முக்கியம்.”

“யாருக்கு? நாளையிலேர்ந்து சரியாயிடும்ல? பழசைக் கிளறி என்ன ஆவப்போகுது?”

“எம் பொண்ணு விடுதியில இருக்கா சார், அந்தப் பேச்சைக் கேட்டுட்டு. என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குக் கிளம்ப இருந்தாரு, அவர் பேச்சை அவரே நம்பிக்கிட்டு. முப்பத்தெட்டாயிரம் வீடு சார். எத்தனை பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க? எத்தனை பேரக் கொண்டுபோய் எங்கயாவது விட்டிருப்பாங்க? அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“தெரிஞ்சா தாங்குவாங்களா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்கும் இருந்துது” என்றார் அருளப்பன். “யார்கிட்டயும் சொன்னதில்ல. தினமும் காலையில, உன் வீட்டுச் சோத்தைத் தின்னறதுக்குச் செத்துப்போகலாம்டா, என்னை எங்கயாவது அனாதை இல்லத்துல தள்ளிடுடான்னு சொல்வார். எட்டு மாசம் கேட்டேன். நானும் மனுஷன்தானே? சரி, அவர் இஷ்டப்படியே ஆகட்டும்னு வில்லியனூர்ல ஒரு இல்லத்துல சேர்த்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பதினோரு மணிக்குப் போவேன். சிரிச்சுப் பேசுவார். எப்போடா வீட்டுக்குப் போறோம்னு கேப்பார். நடிக்கிறார்னு நெனச்சேன்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

“அன்னிக்கு நீ அந்தத் தாளைக் கொண்டாந்து போட்டப்பவே புரிஞ்சிடுச்சு. முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போடுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். போடக் கூடாத இடத்துல போட்டேன். வீட்டுல போட்டிருக்கணும், அங்க அதை மட்டும் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்.”

“ஐயாவை இப்போ போய்...” என்று ஆரம்பித்தவள், போன தை மாதம் அப்பாவை அடக்கம் செய்ய அவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்தது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

கருவிகளின் இரைச்சல் கதவுக்கு வெளியே ஒரே சீராகக் கேட்டது. கோமளவல்லிக்கு அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள் சார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதராவது இன்று ராத்திரி தூங்குவார்.

“அந்த வரி இருக்கணும் சார்” என்றாள்.

அருளப்பன் தலையாட்டினார். கடிதத்தை அருகில் இழுத்து, தான் கோடு கிழித்த வாக்கியத்தையே கீழே தன் கையால் மறுபடி எழுதினார். பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்துவிட்டு, தட்டச்சுக்குப் போகலாம் என்று தாளை அவளிடம் நீட்டினார்.

நடைவழியில் நின்று அவள் படித்தாள். அந்தப் பெரிய, சாய்ந்த எழுத்தில் இருந்தது:

‘இறந்துபோனவர்களுக்கும் இது பொருந்தும்.’